சோம்பலா, ஓய்வா? வீட்டு ரொட்டியை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், செய்தே தீரவேண்டிய வேலை எதுவும் இல்லாத வேளையில், ஒருவர் தம் வீட்டில் கோதுமை மாவைப் பிசைந்து மூடி வைத்துவிட்டு, அது பொங்கி வரும்வரை பாயில் சாய்ந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை உழைப்பாளி என்பதா, சோம்பேறி என்பதா? அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் சோம்பேறி என்றே சொல்லுவார். "கடையில் ரொட்டி கிடைக்காமலா போயிற்று? பொழுதை வீணாக்க இப்படியும் ஒரு சாக்கா?" என்று கூட ஒரு வார்த்தை சேர்த்தும் சொல்லுவார். கேள்வி சிறியது போலத் தோன்றினும் இதற்குள் அடங்கியிருப்பது சிறிய விஷயமன்று. ஓய்வு என்பது மனிதனுடைய உரிமையா, அல்லது உழைத்துக் களைத்தவனுக்கு யாரோ இரங்கிக் கொடுக்கும் இனாமா என்பதே இதனுள் கிடக்கும் வழக்கு. உழைப்பதற்கென்றே இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு, இவ்வழக்கில் தீர்ப்புக் கேட்கும் பாத்தியதை மற்றெவருக்கும் குறைந்ததன்று.

நிற்க. ரொட்டி சுடும் காரியத்தையே முதலில் சற்று நிதானித்துப் பார்ப்போம். செய்து பழகாத அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்று அளவுகளையும் சொல்லிவிடுகிறோம். ரொட்டி மாவு என்று பெயரிட்டு விற்கப்படும் புரதச்சத்து மிகுந்த கோதுமை மாவு 500 கிராம். உப்பு 10 கிராம். உலர்ந்த ஈஸ்ட் 5 கிராம், அதாவது சிறு கரண்டியால் ஒன்றரை. தண்ணீர் 320 மில்லிலிட்டர். இவ்வளவே. சர்க்கரையும் வெண்ணெயும் விரும்புகிறவர்கள் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்காவிட்டால் ரொட்டி கோபித்துக்கொள்ளாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, பத்துப் பன்னிரண்டு நிமிடம் கை ஓயாமல் பிசையவேண்டும். தொடக்கத்தில் மாவு விரல்களிலெல்லாம் ஒட்டிக்கொண்டு, ஏன் இதில் இறங்கினோம் என்னும் எரிச்சலையே உண்டாக்கும். ஐந்தாறு நிமிடம் சென்றபின் அது ஒட்டுவதை விட்டுவிட்டு வழவழவென்று திரண்டு வரும். கோதுமையிலுள்ள இருவகைப் புரதங்கள் நீரோடு கூடிக் குளூட்டன் என்னும் வலையாகப் பின்னிக்கொள்வதே இதற்குக் காரணம். பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ரப்பரின் குணமே இம்மாவுக்கும் வந்துவிடுகிறது.

பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி வைக்கவேண்டும். குளிர்நாட்டுச் சமையல் நூல்கள் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் வைக்கச் சொல்லும். நம் நாட்டுப் பிற்பகலின் வெப்பத்தில், அடுப்படி 31, 32 டிகிரி காயும்போது, ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே மாவு இருமடங்காகப் பொங்கிவிடும். (நம் ஊர் வெயிலைக் குறித்து நல்ல வார்த்தை சொல்லக் கிடைக்கும் சில சந்தர்ப்பங்களில் இஃது ஒன்று.) பின்பு அதனை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, உருட்டி, எண்ணெய் தடவிய தகரத்தில் இட்டு, மறுபடியும் முக்கால் மணி நேரம் விட்டு, 210 டிகிரி சூடேறிய ஓவனில் முப்பது முப்பத்தைந்து நிமிடம் சுடவேண்டும். எடுத்துக் கவிழ்த்து அடிப்பக்கத்தை விரலால் தட்டினால், வெறும் பானையைத் தட்டினாற்போல் ஓசை வரும். வந்தால் வெந்தது என்று பொருள். அதன் பிறகும் ஆறும்வரை அறுக்கலாகாது. சூட்டோடு அறுத்தால் உள்ளே களிபோல ஒட்டிக்கொள்ளும். பிசைவதில் தேறியவர்கள்கூட இந்தக் கடைசிப் பொறுமையில் தவறிவிடுவது உண்டு, வாசனை அப்படி.

ஆக மொத்தம் மூன்று மணி நேரத்துக் காரியம். இதில் மனிதன் கை வைத்து வேலை செய்வது அரை மணிக்கு மேற்படாது. மற்ற இரண்டரை மணியும் காத்திருத்தலே. அந்த நேரத்தில் வேலை நடக்கவில்லையா என்றால், நடக்கிறது. அவன் செய்யவில்லை, அவ்வளவுதான். ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத உயிர். மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அது வெளிவிடும் கரியமிலவாயுதான் குளூட்டன் வலையில் சிக்கி மாவை ஊதவைக்கிறது. நொதித்தல் என்பது உயிர்களின் தொழிலே என்பதை லூயி பாஸ்டர் 1857 முதற்கொண்டு வெளியிட்ட ஆராய்ச்சிகளால் நிலைநாட்டினார். பாஸ்டரின் பெயரையே அறியாத நம் பாட்டிமாரும் அதன் பயனை அறிந்திருந்தார்கள். மாலையில் இட்லிக்கு அரைத்து வைத்துவிட்டு உறங்கப்போன பாட்டியைச் சோம்பேறி என்று எவரும் சொன்னதில்லை. விதைத்துவிட்டு மழைக்காக வானத்தைப் பார்த்து நிற்கும் உழவனையும் சொன்னதில்லை.

தோட்டத்துப் பால்கொட்டகையை நினைத்துப் பாருங்கள். வெட்டிச் சேர்த்த பாலை நிறுத்து, வடிகட்டி, நீர் கலந்து, சிறிதளவு அமிலம் விட்டுத் தொட்டியில் வைத்த பிறகு, அது உறைந்து கட்டியாகும்வரை எப்பேர்ப்பட்ட துரையும் காத்துத்தான் இருக்கவேண்டும். அக்காத்திருப்பு உற்பத்தியின் பகுதியென்று கம்பெனிக் கணக்கில் ஏறிற்று. அதே தொழிலாளி தன் லயத்து வாசலில் ஏதேனும் ஒன்று பழுக்கவோ உலரவோ பொங்கவோ காத்து உட்கார்ந்திருந்தால், அது மட்டும் வீண் பொழுது என்று எழுதப்பட்டது. காத்திருந்த மனிதன் ஒருவனே. கணக்கு எழுதிய கை வேறு.

இந்தக் கணக்கெழுதும் கையைப் பற்றி நம் நாட்டு அறிஞர் ஒருவர் விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார். சையத் உசேன் அலாத்தாஸ் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' எனப் பொருள்படும் ஆங்கில நூலில், பதினாறாம் நூற்றாண்டு முதல் இருபதாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியர்கள் மலாய்க்காரரையும் சாவகத்தாரையும் பிலிப்பீன் மக்களையும் சோம்பேறிகள் என்று எவ்வாறு எழுதிவந்தார்கள் என்பதை எடுத்துக் காட்டுகிறார். மலாய்க்காரர் வயலில் நட்டதும், கடலில் வலை வீசியதும், படகு கட்டியதும் அந்த எழுத்தாளர்களின் கண்ணுக்கு உழைப்பாகத் தென்படவில்லை. அயலான் சுரங்கத்திலும் தோட்டத்திலும் கூலிக்கு வந்து நிற்க அவர்கள் மனமிசையவில்லை. அந்த மறுப்பே சோம்பல் எனப் பெயர் பெற்றது. நாம் வந்து நின்றோம். ஆகவே நமக்குக் கிடைத்த பட்டம் வேறு: சொன்னபடி கேட்கும் கூலி. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுற்றபின்னும் கங்காணி முறையில் ஆள் வந்துகொண்டிருந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் தடுக்கும்வரை அது நின்றபாடில்லை. ஒருவரைச் சோம்பேறி என்றும் மற்றவரை நல்ல உழைப்பாளி என்றும் சொன்னது ஒரே வாய் என்பதை நாம் மறந்துவிடலாகாது. நம்மை மெச்சிய அந்த மெச்சலில் நமக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. இன்றும் நம்மவர்களில் சிலர் அயல் இனத்தாரைச் சோம்பேறிகள் என்று பேசித் திரிவதைக் கேட்கும்போது, துரை போய்விட்டாலும் துரையின் பேனா நம் சட்டைப்பையில் தங்கிவிட்டதோ என்று எண்ண வேண்டியிருக்கிறது.

"வள்ளுவரே சோம்பலைக் கடிந்திருக்கிறாரே!" என்று கேட்பவர் உண்டு. கடிந்திருக்கிறார், மடியின்மை என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆயின் அவ்வதிகாரத்தை அவர் வைத்த இடத்தைக் கவனித்தவர் நம்முள் சிலரே. அது பொருட்பாலில், அரசியல் என வகுக்கப்பட்ட இயலில் நிற்கிறது. முன்னும் பின்னும் அரசனுக்குரிய இலக்கணங்களே பேசப்படுகின்றன. நாட்டை ஆளும் பொறுப்பும் குடியைத் தாங்கும் பொறுப்பும் உள்ளவன் மடிமை கொண்டால் பிறர் கெடுவர் என்பதே அங்குள்ள கவலை. அதனை அவ்விடத்திலிருந்து பெயர்த்தெடுத்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு நின்றவனுக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு ஓதுவது, மருந்தை நோயாளிக்குக் கொடாமல் அடுத்த வீட்டானுக்குக் கொடுப்பதை ஒக்கும்.

அப்படியாயின் சோம்பல் என்பது யாது? உடல் அசையாதிருத்தல் அன்று. தான் சுமக்கவேண்டியதைப் பிறர் முதுகில் ஏற்றிவிட்டுத் தான் கைவீசி நடப்பதே சோம்பல் என்று நாம் கொள்கிறோம். இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால், ஓடியாடித் திரிகிறவர்களில் பலர் சோம்பேறிகளாகவும், பாயில் கிடப்பவர்களில் சிலர் குற்றமற்றவர்களாகவும் தேறுவர்.

ரொட்டியையே இவ்வுரைகல்லில் வைப்போம். காலையில் பசியாறும் நேரத்துக்குப் புது ரொட்டி கடையில் இருக்கவேண்டும் என்றால், அதைச் சுடுகிறவர் முந்தின இரவு உறங்கியிருக்கக் கூடாது. உலகெங்கும் ரொட்டி சுடும் தொழிலாளர்கள் வேலை நேரத்துக்காக நெடுங்காலம் போராடியதன் காரணம் இதுவே. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1895இல் ஒரு சட்டம் செய்தது: ரொட்டிக்கூடத்தில் ஒருவரை நாளொன்றுக்குப் பத்து மணி, வாரத்துக்கு அறுபது மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது. இது கொடுமையான தாராளம் என்று நமக்குத் தோன்றவில்லை. ஆயினும் 1905இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் இதைச் செல்லாதென்று தள்ளியது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் தள்ளினர், நால்வர் மாறுபட்டனர். தள்ளியவர் சொன்ன நியாயம் யாதெனின், அதிக நேரம் உழைக்க ஒப்பந்தம் செய்துகொள்வது தொழிலாளியின் சுதந்தரம். அச்சுதந்தரத்தைச் சட்டம் பறிக்கலாகாது என்பது! பசித்தவனுக்கு உறங்காதிருக்கும் சுதந்தரத்தை அளித்த நீதியை என்னென்பது!

1925இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் ரொட்டிக்கூடங்களில் இரவு வேலையைத் தடைசெய்யும் உடன்படிக்கை ஒன்றை இயற்றியது. தொழிலாளி மட்டுமன்றி முதலாளியும் இரவில் சுடலாகாது என்பது அதன் விதி. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஆனால் அவ்வுடன்படிக்கையில் ஒரு விலக்கு உண்டு. அதைப் படித்தபோது நாம் புன்னகை செய்தோம். ஒரு வீட்டார் தாமே உண்பதற்காகத் தம் வீட்டில் சுடும் ரொட்டியை அத்தடை கட்டுப்படுத்தாது! சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது: வீட்டு ரொட்டி எவருடைய உறக்கத்தையும் திருடி வருவதன்று.

இதனால் கடையில் ரொட்டி வாங்குவது பாவம் என்று சொல்ல வந்தோமில்லை. லயத்துப் பக்கம் மிதிவண்டியிலும், பின்னாளில் மோட்டார் சைக்கிளிலும் மணியடித்து வந்த ரொட்டிக்காரரை எதிர்பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாம். பினாங்கில் ரொட்டி பெங்காளி என்று வழங்கும் ரொட்டியின் பெயர், வங்காளத்தாரைக் குறிப்பதன்று, பங்காளி என்னும் நம் சொல்லின் திரிபே என்று கூறுவோர் உண்டு. பலர் பங்கு சேர்ந்து நடத்திய கூடத்தில் சுட்டதனால் அப்பெயர் வந்ததாம். அது உண்மையாயின் எவ்வளவு அழகிய பெயர்! சுடுகிறவர்கள் பங்காளிகளாக இருக்கும் கூடத்தில் இரவு யார் விழிப்பது என்பதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் அல்லவா? வாங்குகிற ரொட்டிக்குப் பின்னால் ஒருவருடைய இரவு இருக்கிறது என்னும் நினைவு வேண்டும் என்பதே நம் கருத்து. அந்நினைவு உள்ளவர், ரொட்டிக்கூடத் தொழிலாளி கூலி உயர்வு கேட்கும்போது விலை ஒரு காசு ஏறுமே என்று முகம் சுளிக்கமாட்டார்.

சிக்கனத்தின் பேராலும் நாம் வீட்டு ரொட்டிக்கு வாதாட வரவில்லை. மாவு, ஈஸ்ட், மின்சாரம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் கடை ரொட்டியே மலிவாக முடிதல் கூடும். ஏன் மலிவு? இங்கிலாந்தில் சோர்லிவுட் என்னும் ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் 1961இல் ஒரு முறை கண்டார்கள். அதிவேகமாகச் சுழலும் இயந்திரத்தால் மாவைச் சில நிமிடங்களில் அடித்துப் பிசைந்து, மாவு பொங்குவதற்கென விட்டுவைத்த நெடுநேரத்தைப் பெரும்பகுதியும் வெட்டியெறிந்துவிட்டார்கள். பெருந்தொழிற்சாலைகள் இதையும் இதுபோன்ற முறைகளையும் கைக்கொண்டன. காத்திருத்தலுக்குக் காசு கொடுக்க முதலாளித்துவம் ஒருபோதும் விரும்பியதில்லை. மாவையும் அது காத்திருக்க விடவில்லை. காத்திராத ரொட்டியில் மணம் குறைவு என்பது உண்பவர் அறிந்ததே.

இனி ஓய்வு என்பது யாது என்று பார்க்கவேண்டும். வேலையில்லாத நேரமெல்லாம் ஓய்வு என்று நினைப்பது பெரும்பிழை. விடியற்காலையில் மழை பெய்தால் பால்மரத்தில் வெட்டு நடவாது. கோட்டில் வழியும் பால் நீரோடு கலந்து பட்டையெல்லாம் சிதறி ஓடிவிடும். அன்றைக்குத் தொழிலாளிக்கு நேரம் முழுவதும் கையில் இருந்தது. கூலி கையில் இல்லை. லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் ஓய்வு அனுபவித்தான் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? வயிறு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது கை சும்மா இருப்பது ஓய்வாகாது.

இதைவிட அண்மையில் நம் கண்முன்னே நடந்ததொன்று உண்டு. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க்காக மலேசியாவில் மார்ச் 18 முதலும் சிங்கப்பூரில் ஏப்ரல் 7 முதலும் மக்கள் வீட்டோடு இருக்கும்படி நேர்ந்தது. அப்பொழுதுதான் நகரத்து வீடுகளில் ரொட்டி சுடும் ஆசை காட்டுத்தீப்போலப் பரவிற்று. கடைகளில் ஈஸ்ட் கிடைப்பது அரிதாயிற்று. அலுவலகக்காரர் பலர் தம் வீட்டுப் பிற்பகல் எப்படியிருக்கும் என்பதையே அன்றுதான் கண்டனர். நல்லதே. ஆயின் அதே நாட்களில் சிங்கப்பூரில், தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த தோழர்கள் பல்லாயிரவர், தங்கும் விடுதிகளில் அறைக்குப் பலராக அடைபட்டுக் கிடந்தனர். அவர்களுக்கும் வேலையில்லை, நேரம் மலைபோல் குவிந்திருந்தது. உணவு பொட்டலமாக வந்தது. தமக்கு வேண்டியதைத் தாமே சமைத்துக்கொள்ள அடுப்புப் பக்கம் போக வழியில்லை. வெளியே சென்று ஒரு பிடி மாவு வாங்கும் உரிமையும் இல்லை. இரு சாராரும் சும்மா இருந்தனர் என்று கடிகாரம் சொல்லும். ஒருவர் இருந்தது ஓய்வில், மற்றவர் இருந்தது காவலில் என்று சொல்ல நமக்குக் கடிகாரம் தேவையில்லை.

எனவே நேரம் மட்டும் போதாது. அந்நேரம் தன்னுடையதாக இருக்கவேண்டும். நாளை உணவைப் பற்றிய அச்சம் அதில் குறுக்கிடக்கூடாது. அதை எதில் செலவிடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரமும், தீர்மானித்ததைச் செய்வதற்கு ஓரடுப்பும் வேண்டும். பிற்பகலில் ரொட்டி சுடுகிறவர் இம்மூன்றும் உடையவர். அவர் கையிலுள்ள மாவு எவருடைய கட்டளைக்கும் பொங்கவில்லை. நிறுத்துப் பார்த்துக் கூலி போட ஒருவரும் வரப்போவதில்லை. கருகிப்போனால் அபராதமும் இல்லை. வேலையும் ஓய்வும் ஒன்றையொன்று பகைக்காமல் ஒரே பாயில் உட்காரும் அபூர்வக் காட்சியை அங்கேதான் காண்கிறோம்.

இத்தகைய நேரம் நமக்குத் தானாகக் கிடைத்துவிடவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடந்த வேலைநிறுத்தத்தை நினைவுகூரவேண்டும். அத்தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கூலி மட்டும் இல்லை. நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது ஒன்று. துரைக்கு முன் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் அவமானம் ஒழியவேண்டும் என்பது ஒன்று. கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது ஒன்று. படை கொண்டு அது அடக்கப்பட்டது. உயிர் நீத்த தோழர்களும் உண்டு. இப்பட்டியலில் வேலை நேரக் குறைப்பையும் கள்ளுக்கடை ஒழிப்பையும் அவர்கள் ஒருங்கே வைத்ததன் நுட்பத்தை நாம் வியக்கிறோம். "ஓய்வு கொடுத்தால் கள்ளுக்கடைக்குத்தான் போவான்" என்பது ஆண்டைகள் ஓதிய பழைய மந்திரம். கள்ளுக்கடையைத் தோட்டத்திலேயே திறந்துவைத்துக்கொண்டு அந்த மந்திரத்தையும் ஓதிய சாமர்த்தியமே சாமர்த்தியம்! நேரத்தையும் கொடுங்கள், கடையையும் மூடுங்கள் என்று கேட்டவர்கள் அம்மந்திரத்தின் இரு நுனியையும் ஒருசேர அறுத்தார்கள். இடையிலே ஒரு வேடிக்கை: கள்ளைப் புளிக்கச் செய்வதும் ரொட்டியைப் பொங்கச் செய்வதும் ஒரே குடும்பத்து உயிர்தான். கோவாவில் போர்த்துக்கீசியர் காலத்தில் ஈஸ்டுக்குப் பதிலாகத் தென்னங்கள்ளை ஊற்றியே ரொட்டி மாவைப் பொங்கவைத்தார்கள். மாவில் விழுந்த கள்ளின் போதை ஓவன் சூட்டில் ஆவியாகிப் போய்விடுகிறது. மனிதனுள் விழுந்தது அவ்வளவு எளிதில் போவதில்லை.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. நம்மவருள் பெரும்பகுதியினர் நகரத்து அடுக்குமாடிகளில் குடியேறி, தொழிற்சாலையிலும் காவற்பணியிலும் லாரி ஓட்டுவதிலும் பிழைக்கின்றனர். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது; சிங்கப்பூரில் அது 44 மணி. சட்டப் புத்தகத்தில் இது முன்னேற்றந்தான். ஆனால் பகலில் ஒரு வேலை, இரவில் கூப்பிட்ட வீட்டுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் மற்றொரு வேலை என்று இரண்டாகப் பிளந்து கிடக்கும் இளைஞர்க்கு அந்த வரம்பு எங்கே எட்டுகிறது? பெர்ட்ரண்டு ரசல் 1932இல் சோம்பியிருத்தலைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதி, நாளுக்கு நான்கு மணி உழைப்பு போதும் என்று வாதித்தார். படித்தவர்கள் அதை நயமான பேச்சு என்று ரசித்துவிட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டார்கள். கிரேக்கர்கள் ஓய்வுக்கு வைத்திருந்த சொல்லிலிருந்தே ஆங்கிலத்தில் பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் சொல் பிறந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கிரேக்கரின் வீட்டில் மாவு பிசைந்தவர்கள் அடிமைகள் என்பதைச் சேர்த்துச் சொல்லுவோர் குறைவு.

சொல்லுவோர் குறைவாக இருப்பதற்குக் காரணம், அந்த அடிமையின் இடத்தில் இன்று யார் நிற்கிறார் என்று அடுத்த கேள்வி எழும் என்பதே. தோட்டத்தில் பெண் ஆணோடு சமமாகப் பெரட்டுக்கு நின்றாள். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு உளி எடுத்தாள், வாளி சுமந்தாள். வேலை முடிந்து திரும்பியபின் ஆணுக்கு வந்தது பிற்பகல்; அவளுக்கு வந்தது விறகு, தண்ணீர், துணி, உலை. அவன் திண்ணையில் அமர்ந்து உரிமையைப் பற்றியும் சீர்திருத்தத்தைப் பற்றியும் பேசினான். அப்பேச்சுக்கு வேண்டிய கோப்பியை அவள் கலக்கிக் கொடுத்தாள். நகரத்துக்கு வந்தபின் விறகு போய் எரிவாயு வந்தது; பிற்பகல் அவளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. எட்டு மணி நேரம் கணினி முன்னோ இயந்திரம் முன்னோ நின்று வரும் பெண், வீட்டில் காலை வைத்ததும் இரண்டாம் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கிறாள். சோம்பலுக்கு நாம் கூறிய இலக்கணம் சரியென்றால், அது முதலில் பிடிக்க வேண்டியது யாரை என்பதை ஆண் வாசகர்கள் தாமே கண்டுகொள்ளலாம்.

ஆண்மக்கள் சிலர் இப்பொழுது விடுமுறை நாட்களில் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கேட்டு மெய்யாகவே மகிழ்கிறோம். ஆயினும் நாம் கண்டதை மறைக்காமல் சொல்லவேண்டும். பொன்னிறமாக வெந்த ரொட்டியைக் கைப்பேசியில் படம்பிடித்து நண்பர்களுக்கு அனுப்பி, பாராட்டுகளைப் பெற்றுக்கொண்டு அவர் உறங்கப் போய்விடுகிறார். மேசையெங்கும் மாவு படிந்து கிடக்கிறது. பிசைந்த தாழியும் தகரமும் கழுவுதொட்டியில் காய்கின்றன. அவர் அனுபவித்த மூன்று மணி நேர ஓய்வுக்கு விலையாக வேறொருவருடைய ஒரு மணி நேரம் அங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அவருக்கு ஒரு சிறு குறிப்புச் சொல்லுகிறோம். ரொட்டிமாவு உலர்ந்து ஒட்டிய தாழியில் கொதிநீரை விட்டால் அது வெந்து பசைபோல இன்னும் இறுகிக்கொள்ளும். குளிர்ந்த நீரை ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டால் விரல் பட்டதும் கழன்று வந்துவிடும். ரொட்டி எப்படியும் ஆறவேண்டும். அந்த நேரம் இதற்குச் சரியாக இருக்கும்.